கல்லைக் கும்பிடுவதா? கல்லைக் கேட்பதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில், உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாய் மாறி வந்த வரலாற்றைப் பற்றி நாம் பேச நேர்ந்தது. வழக்கம்போல், "ஆதியில் முதுகெலும்புள்ள பிராணிகள் யாவும் நீரிலேயே இருந்தன, ஒரு காலத்தில் பூமி வறண்டது, குட்டைகள் வற்றின, வற்றிய குட்டையில் கிடந்த மீன் அடுத்த குட்டையைத் தேடித் துடுப்பை ஊன்றி ஊன்றி நகர்ந்தது, அத்துடுப்பே நாளடைவில் காலாயிற்று" என்பதாகச் சொன்னோம். கூட்டத்தாரும் கைதட்டினார்கள்.

அப்பொழுது முன் வரிசையிலிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, எங்க ஊர்க் கண்மாயும் வருஷா வருஷம் வத்தத்தான் செய்யுது. கெண்டையும் கெளுத்தியும் சேத்துல கிடந்து சாகுதே ஒழிய, ஒண்ணுக்காவது கால் மொளச்சு நாங்க பாத்ததில்லை. நீங்க சொல்ற குட்டை வத்தினதை யாரு பாத்தது? புராணத்துல சொல்றதை நம்பாதேன்னு சொல்லிப்பிட்டு, நீங்க சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்து மழுப்பிக்கொண்டு, "பெரிய பெரிய விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள், ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். ஆனால் ஊர் திரும்பும்போது அந்தப் பதில் நம்மை உறுத்திக்கொண்டே வந்தது. "பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்" என்பதுதானே புரோகிதன் சொல்லும் பதிலும்? அவனிடமிருந்து அதை ஒப்புக்கொள்ளாத நாம், அதே பதிலை ஒரு குடியானவருக்குக் கொடுத்துவிட்டு வருவது எந்த விதத்தில் யோக்கியம்?

நாம் காலேஜில் படித்தவரல்ல. வாசகசாலையில் கிடைத்ததைப் படித்து, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு அறிந்துகொண்டவரே. ஆகவே மறுபடியும் வாசகசாலைக்குப் போய், அந்தக் குட்டை வற்றிய கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். பார்த்ததில் தெரிந்தது என்னவென்றால், நாம் மேடை மேடையாய்ச் சொல்லி வந்த கதையை விஞ்ஞானிகளே கைவிட்டு வெகு நாளாயிற்று என்பதுதான். இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அந்தப் பெரியவருக்கு அன்று சொல்லத் தவறிய பதிலை இன்று சொல்லுவதே இந்த வியாசத்தின் நோக்கமாகும்.

முதலாவது, அக்கதையைச் சொன்னவர்கள் பொய்யர்களல்ல. ஜோசப் பாரெல் என்னும் அமெரிக்க நிலநூல் ஆசிரியர் 1916-இல் இவ்விஷயத்தைப் பற்றி எழுதினார். கால் தோன்றிய காலத்துப் பாறைகள் ஸ்காட்லாந்து முதலிய பல இடங்களில் சிவப்பாய் இருக்கின்றன. சிவப்புப் பாறை வறண்ட தேசத்தின் அடையாளம் என்று அக்காலத்தில் பலர் கருதினார்கள். எனவே வறட்சியே மீனைக் கரையேற்றியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். பின்னர் ஆல்பிரட் ரோமர் என்பவர் அதை இன்னும் அழகாய்ச் சொன்னார். அதாவது, மீன் நிலத்தில் வாழ ஆசைப்பட்டுக் கரையேறவில்லை, திரும்பவும் தண்ணீருக்குப் போய்ச் சேருவதற்காகவே நிலத்தில் நடந்தது என்றார். கேட்பதற்கு ரசமாய் இருந்தபடியால், அது பல பத்தாண்டுகள் பாடப் புத்தகங்களில் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் விஷயத்தைச் சற்று யோசித்துப் பார்ப்போமானால், நம் நாட்டுக் குடியானவருக்கே அதிலுள்ள ஓட்டை தெரியாமல் போகாது. சிவந்த மண்ணெல்லாம் பாலைவனமா? மலையாளக் கரையில் கொட்டுகிற மழைக்கு அளவில்லை; அங்கே வீடு கட்ட வெட்டுகிற செம்புரைக்கல் எந்த நிறம்? இரும்பு கலந்த மண் காற்றுப்பட்டுத் துருவேறினால் சிவக்கும். அது வறண்ட தேசத்திலும் நடக்கும், மழை தேசத்திலும் நடக்கும். ஆகையால் சிவப்பு ஒன்றை மாத்திரம் சாட்சியாய் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது அவசரமாகும்.

இரண்டாவது அடி எலும்பிலிருந்தே விழுந்தது. 1970-இல் கிழக்கு கிரீன்லாந்தில் மண்படிவுகளை ஆராயப் போன ஒரு மாணவர், போன இடத்தில் கண்ட சில கற்களை எடுத்து வந்து, இன்ன மலையில் இன்ன உயரத்தில் எலும்புகள் இருக்கின்றன என்று தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அக்கற்கள் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வருஷக்கணக்காய்க் கேட்பாரற்றுக் கிடந்தன. ஜென்னி கிளாக் என்ற அம்மையார் அவற்றைக் கண்டு, 1987-இல் அதே மலைக்குப் போய், சுமார் 36½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அகாந்தோஸ்டீகா என்னும் பிராணியின் எலும்புகளைக் கொண்டுவந்தார். அதற்கு நான்கு கால்கள் உண்டு. முன்காலில் எட்டு விரல்கள் உண்டு. ஆனால் அதே பிராணிக்கு மீனைப்போல் செவுளும், வாலில் துடுப்பும் உண்டு. அக்கால்கள் உடம்பைத் தூக்கி நிலத்தில் நடக்கக்கூடியவையாயும் இல்லை. அது கிடந்த பாறையோ ஓடுகிற ஆற்றின் மணல்படிவு.

இதன் அர்த்தமென்ன? கால் முதலில் தண்ணீருக்குள்ளேயே தோன்றிற்று என்பதாகும். ஆழமில்லாத நீரில், செடிகொடிகளுக்கும் வேர்களுக்கும் நடுவில் உந்தி நகர்வதற்கு அது உதவியிருக்கலாம். அப்புறம் வெகு காலம் கழித்தே அக்கால் நிலத்தில் நடக்கப் பயன்பட்டது. ஆகவே "குட்டை வற்றியது, அதனால் கால் முளைத்தது" என்னும் வாக்கியத்தில், 'அதனால்' என்ற சொல் நிற்க இடமில்லாமற் போயிற்று. 2011-இல் கிரெகரி ரெட்டாலக் என்னும் நிலநூல் ஆசிரியர், அக்காலத்து மண் கல்லாய்ச் சமைந்திருப்பதை ஆராய்ந்து, அப்பிராணிகள் இருந்த இடம் பாலைவனக் குட்டையல்ல, ஈரமான ஆற்றங்கரைக் காடு என்று எழுதினார்.

நிற்க, "யார் பார்த்தது?" என்ற கேள்விக்கு வருவோம். பார்த்த மனிதன் ஒருவனும் இல்லை. ஆனால் பார்த்த மனிதன் இல்லாவிட்டால் அறியவே முடியாது என்பது சரியா? இரவில் தோட்டத்தில் மாடு மேய்ந்துவிட்டால், காலையில் குளம்புத் தடத்தைப் பார்த்து, இத்தனை மாடு, இந்தப் பக்கமாய் வந்தது, மழைக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று குடியானவர் சொல்லிவிடுகிறார் அல்லவா? அவர் ஞானதிருஷ்டியாலா சொல்லுகிறார்? மண்ணைக் கேட்டுச் சொல்லுகிறார். நிலநூற்காரரும் அதையேதான் செய்கிறார். இவர் கேட்கிற மண் கல்லாய்ப் போய்விட்டது, அவ்வளவே வித்தியாசம்.

அதை எப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கு ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கடற்கரையைச் சொல்லலாம். அது பழம்பெருமையுள்ள கரையும்கூட. உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று உஷர் என்னும் பெரிய பாதிரியார் 1650-இல் வேதப் புத்தகத்தைக் கொண்டு கணக்குப் போட்டிருந்தார். 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் என்பவர் அதே கரையிலுள்ள சிக்கார் பாயிண்டுக்குப் படகில் போய், செங்குத்தாய் நிமிர்ந்த பழைய பாறையின் தலைமேல் சிவப்புப் பாறை படுத்திருப்பதைக் கண்டார். கடலடியில் படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் மறுபடியும் படிய ஆயிரக்கணக்கான வருஷமெல்லாம் எந்த மூலைக்குப் போதும் என்று அவர் கேட்டார். பாதிரியாரின் கணக்குக்குக் கல்லே மறுப்புச் சொல்லிற்று.

அக்கரையில் பர்ன்மவுத் என்ற ஊரில், பாறைப் படுகைகள் அடுக்கி வைத்த புத்தகங்களைப்போல் நிமிர்ந்து நிற்கின்றன. கரையோரமாய் நடந்தால் ஒவ்வொரு அடியும் காலத்தில் ஒரு அடியாகும். சுமார் 36 கோடி ஆண்டு முதல் 34½ கோடி ஆண்டு வரையுள்ள காலத்தில் நாலுகால் பிராணிகளின் எலும்பு உலகில் எங்குமே அநேகமாய்க் கிடைக்காமல் இருந்தபடியால், அக்காலத்தை 'ரோமர் இடைவெளி' என்று சொல்லி வந்தார்கள். அதற்கு முன்னே உள்ளவை நீரில் வாழ்ந்தவை. பின்னே உள்ளவை நிலத்தில் நடப்பவை. நடுவில் ஒன்றரைக் கோடி ஆண்டுக்குச் சாட்சி இல்லை. அந்தக் காலத்தில் காற்றில் பிராணவாயு குறைந்திருந்தது, அதனால்தான் பிராணிகள் இல்லை என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த இடைவெளியை அடைக்க வழிகாட்டியவர் ஸ்டான் வுட். அவர் இன்ஷூரன்ஸ் விற்றுப் பிழைத்தவர். பாறையில் எலும்பு கண்டுபிடிக்கும் வித்தையைத் தாமே கற்றுக்கொண்டவர். எலும்பு இல்லையென்று பெரியவர்கள் சொன்ன பாறைகளில் அவர் வருஷக்கணக்காய்த் தேடினார். பர்ன்மவுத்திலும் அதன் பக்கத்திலுள்ள ஆற்றோரத்திலும் எலும்புகள் கிடைத்தன. 2012-இல், கிளாக் அம்மையார் முதலிய ஆராய்ச்சிக்காரரோடு வுட்டின் பெயரும் சேர்ந்து அச்செய்தி வெளியாயிற்று. அதே வருஷம் அவர் காலமானார். எலும்பு இல்லாமலில்லை, தேடினவர்தான் இல்லை என்று ஆயிற்று.

அதன்பின் பெருங்கூட்டமான ஆராய்ச்சிக்காரர் அங்கே இறங்கினார்கள். எலும்பை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. கரை முழுவதும் படுகை படுகையாய் அளந்து கல் மாதிரி எடுத்தார்கள். பக்கத்து நார்ஹாம் என்னுமிடத்தில் சுமார் 500 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, முறியாத கல்தண்டாய் வெளியே எடுத்தார்கள். அக்கற்களை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்துக்குச் சீவி, வெளிச்சம் ஊடுருவும்படி செய்து பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். கல் என்ன சொல்லிற்று என்பதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம்.

சில படுகைகளில் பாளம் பாளமாய் வெடிப்பு இருந்தது. கோடையில் நமது கண்மாய் வெடிப்பதுபோல் சேறு காய்ந்து வெடித்து, அடுத்த வெள்ளத்தின் மண்ணால் நிரம்பிய வெடிப்பு அது. வேறு சில படுகைகளில் வேர்த்தடங்கள் இருந்தன. அவ்விடம் செடி முளைத்து நின்ற தரை. அப்படிப்பட்ட பழைய தரைகள் ஒன்றின்மேல் ஒன்றாய் 200-க்கு மேல் காணப்பட்டன. அவற்றுள் ஒருவகை நமது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலின் ஜாதியைச் சேர்ந்தது. அதாவது, மழையில் உப்பி, கோடையில் ஆளின் கால் இறங்கும்படி வெடிக்கும் களிமண். அப்படிப்பட்ட மண் உண்டாக வேண்டுமானால் மழைக்காலமும் வேண்டும், வறட்சிக்காலமும் வேண்டும். மழை அதிகமாய்ப் பெய்தால் மண்ணிலுள்ள சில பொருள்கள் கரைந்து போகும். குறைவாய்ப் பெய்தால் தங்கும். அக்கணக்கைக் கொண்டு, அங்கே வருஷத்துக்கு 1000 முதல் 1500 மில்லிமீட்டர் வரை மழை பெய்திருக்குமென்று மதிப்பிட்டார்கள். நமது சென்னையின் மழையும் அந்த அளவுக்குள் அடங்கியதே. இது பாலைவனமா?

இன்னும் சில படுகைகளில் ஜிப்சம் இருந்தது. கடல் நீர் வெயிலில் சுண்டும்போது, உப்புப் பூப்பதற்கு முன்பே அது படியும் என்பது உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஆகவே கடலோரத்து உவர்க்கழிகளும் பக்கத்தில் இருந்தன. எலும்புகள் பல கிடந்ததோ, வெடித்த தரையின்மேலும் வேரோடிய தரையின்மேலும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணற்சேற்றில். ஆக, அப்பிராணிகளின் ஊர் எது? பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே அன்று இருந்த அந்த நிலத்தில், ஆறும் குளமும் சதுப்பும் காடும் உவர்க்கழியும் அடுத்தடுத்து இருந்தன. பருவமழையில் எல்லாம் ஒன்றாகும், கோடையில் தனித்தனியாய்ச் சுருங்கும். இதுவே அவற்றின் ஊர். பிராணவாயு சங்கதியையும் அப்பாறையே தீர்த்தது. எப்படியெனில், அதில் கரித்துண்டுகள் இருந்தன. காற்றில் பிராணவாயு நூற்றுக்குச் சுமார் 16 பங்குக்குக் குறைந்தால் காடு தீப்பற்றாது. அதற்கு முன்பும் பின்பும் உள்ள பாறைகளில் இருக்கிற அளவுக்கே இதிலும் கரி இருந்தது. ஆகவே அந்த ஊகமும் போயிற்று. இவை 2016-ஆம் ஆண்டு முதல் அச்சில் வெளிவந்திருக்கின்றன.

இதனால் ரோமர் சொன்னது முழுவதும் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. குட்டைகள் வற்றத்தான் செய்தன. அந்த வெடிப்புகளே சாட்சி. ஆனால் காலுக்குக் காரணம் வறட்சியல்ல. கால் அதற்கு முன்பே நீரில் இருந்தது. நிலமும் நீரும் மாறி மாறி வரும் ஊரில், முன்பே உள்ள கால் புதுக் காரியத்துக்குப் பயன்பட்டது என்பதே இன்றைக்குக் கிடைத்திருக்கும் சாட்சியத்துக்குப் பொருத்தமாய் இருக்கிறது.

இத்தோடு வழக்கு முடிந்துவிட்டதென்றும் சொல்ல மாட்டோம். போலந்து தேசத்தில் ஜாகேல்மியே என்ற கற்சுரங்கத்தில், சுமார் 39 கோடி ஆண்டுக்கு முற்பட்ட கால்தடங்களைக் கண்டதாக 2010-இல் சிலர் வெளியிட்டார்கள். அவ்விடம் கடலோரத்து ஆழமற்ற நீர்ப்பரப்பு என்றார்கள். அவை தடங்களே அல்ல, மீன் குடைந்த குழிகளென்று மறுத்தவர்களும் உண்டு. எட்டு வருஷம் கழித்து, 2018-இல், முதலில் எழுதினவர்களில் சிலரே அக்கற்களைத் திரும்பவும் ஆராய்ந்து, அவ்விடம் கடல் சார்ந்ததல்ல என்று தாங்கள் சொன்னதைத் தாங்களே மாற்றி எழுதினார்கள். அதே ஆண்டில் வேறு சிலர், கிரீன்லாந்து எலும்புகளிலும் சீனத்து எலும்புகளிலும் உள்ள கந்தகத்தை அளந்து பார்த்தார்கள். கடல் நீரின் கந்தகமும் ஆற்று நீரின் கந்தகமும் எடை வகையில் ஒன்றல்ல. அதைக் கொண்டு, அப்பிராணிகள் ஆறும் கடலும் கலக்கும் முகத்துவார நீரிலும் வாழக்கூடியவை என்றார்கள். வாதம் நடக்கிறது, நடக்கட்டும்! தான் எழுதினதைத் தானே திருத்தி எழுதிய ஒரு ரிஷியை, ஒரு சாஸ்திரத்தை யாராவது காட்ட முடியுமா?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் என்னும் அவதாரங்களைக் காட்டி, "உங்கள் பரிணாமத்தை எங்கள் பெரியவர்கள் அப்பொழுதே சொல்லிவிட்டார்கள்" என்று சில படித்த கனவான்கள் சொல்லி வருகிறார்கள். நல்லது, அப்படியானால் அந்த நூலைக் கொண்டு, எந்த ஊரில் எத்தனை அடி ஆழத்தில் எந்தப் பிராணியின் எலும்பு கிடைக்கும் என்று ஒன்றே ஒன்று சொல்லட்டுமே! நீல் சூபின் என்னும் அமெரிக்கரும் அவரது கூட்டாளிகளும் என்ன செய்தார்கள்? மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் நடுவிலுள்ளது கிடைக்க வேண்டுமானால், இன்ன வயதுள்ள, ஆறு ஓடிப் படிந்த பாறை வேண்டுமென்று கணக்கிட்டார்கள். நிலநூல் படத்தைப் பார்த்துக் கனடாவின் வடகோடித் தீவுகளுக்கு 1999-இல் போனார்கள். முதலில் போன இடத்துப் பாறை ஆழ்கடலில் படிந்தது, ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஆற்றுப் படிவுள்ள எல்ஸ்மியர் தீவுக்கு மாறினார்கள். 2004-இல் டிக்டாலிக் கிடைத்தது. செதிளும் துடுப்பும் மீனுடையவை; கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும் நம்முடையவை. நடந்து முடிந்த பிறகு "அப்பொழுதே சொன்னோம்" என்பது அவதாரக்காரர் வழக்கம். தோண்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டு, கிடைக்காவிட்டால் ஏமாந்து, இடம் மாற்றித் தோண்டுவது அறிவின் வழக்கம். ஜோசியன் ஏமாந்ததாக என்றைக்காவது ஒப்புக்கொண்டதுண்டா?

ஆகவே, அன்று கேள்வி கேட்ட பெரியவருக்கு நாம் சொல்லிக்கொள்ளுவதாவது: ஐயா, தாங்கள் கேட்டது நியாயமான கேள்வி. குட்டை வற்றினால் மீன் சாகும் என்று தாங்கள் சொன்னதும் சரி. நாம் சொன்ன கதை தவறு. யார் பார்த்தது என்றால், கல் பார்த்தது. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லுவதையும் தாங்கள் இதேபோல் கேள்வி கேட்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமது பிரசாரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பாடப் புத்தகத்தில் படித்ததை ஆராயாமல் மேடையில் ஒப்பிப்போமானால், நாம் புராணத்தை ஒழித்தவர்களாக மாட்டோம். புராணத்தின் பெயரை மாற்றினவர்களாவோம். கேள்வி கேட்டவரைச் சிரித்து அடக்குவது நமது வேலையல்ல. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொண்டு வந்து, அதே ஊரில், அதே மேடையில் திருத்திச் சொல்ல வேண்டும். நாமும் அந்த ஊருக்கு மறுபடி போவதாகத்தான் இருக்கிறோம்.

கல்லுக்குப் பாலும் நெய்யும் ஊற்றிக் கும்பிட்டு எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. அக்கல் ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுத்தியலும் பூதக்கண்ணாடியும் எடுத்துப் போய்க் கேட்டவர்களுக்கோ, 36 கோடி ஆண்டுக்கு முன் பெய்த மழையைக்கூட அது சொல்லியிருக்கிறது. எந்தக் கல்லால் மனிதனுக்குப் பிரயோஜனம் என்பதை வாசகர்களே யோசித்து முடிவு செய்துகொள்ளட்டும்.